ஐந்து நிமிட மேடைக்கு எதை எடுப்பது?

காரைக்குடிப் பக்கம் பியானோ வாசிக்கிற பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் ஐந்து நிமிடம்தான். பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் வந்து சேர்கிற வரைக்கும், கல்யாண வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும் முன்பு, சதாபிஷேக வீட்டில் நாகஸ்வரக்காரர்கள் காப்பி குடிக்க எழுந்துபோகும் இடைவெளியில். "பாப்பா பியானோ நல்லா வாசிக்குமாம்ல, ஏதாச்சும் ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். அந்த ஏதாச்சும் ஒண்ணு எது என்று முடிவாவதற்குள் எனக்கும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் நடக்கிற வாக்குவாதம் இருக்கிறதே, அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

இது ஆரம்பப் பிள்ளைகளுக்கானது இல்லை. டிரினிட்டி என்கிற லண்டன் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்து டிப்ளமாவுக்குத் தயாராகிறவர்களை, அந்த அளவுக்குக் கை வந்தவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். அவர்களிடம் சரக்குக்குக் குறைவில்லை. பாக்கின் ஃப்யூக் இருக்கும், பீத்தோவன் சொனாட்டா ஒன்று முழுசாக இருக்கும். ஆனால் சொனாட்டா இருபது நிமிடம். ஃப்யூகில் ஒரு குரல் இன்னொரு குரலைத் துரத்துவது வாசிக்கிறவளுக்குத் தெரியும். பந்தியில் இலை போட்டாச்சா என்று எட்டிப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கச்சேரி கேட்க வரவில்லை, விசேஷத்துக்கு வந்திருக்கிறார்.

கச்சேரியில் கடைசியாக வருகிற துக்கடா மாதிரி ஒன்று போதுமே என்று பெற்றோர் சொல்வார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகளை விறுவிறுப்பாகப் பாடி, நடுவே பெரிய உருப்படி, கடைசியில் துக்கடா என்று இன்றைக்கு எல்லோரும் பின்பற்றுகிற வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்த வரிசையில் துக்கடாவுக்கு வரும்போது கூட்டம் ஏற்கெனவே பாடுகிறவர் கைக்குள் இருக்கும். மேற்கத்தியக் கச்சேரியில் கூட்டம் கைதட்டிக் கேட்க, கடைசியில் கூடுதலாக என்கோர் வாசிப்பதும் அப்படித்தான். பியானோ மேதை ஹோரோவிட்ஸ், மொஷ்கோவ்ஸ்கி எழுதிய மூன்று நிமிடம்கூட ஆகாத 'எத்தான்செல்' என்ற பீஸை என்கோராக வாசித்தார் என்றால், அதற்கு முன்னால் முழுக் கச்சேரியையும் வாசித்து முடித்திருந்தார். நம் பிள்ளைக்கு அந்த முன்கதை கிடையாது. அவளுக்கு வர்ணமும் அதுதான், துக்கடாவும் அதுதான். விரல் சூடாகவில்லை, கூட்டம் திரும்பிப் பார்க்கவில்லை, முதல் பத்து வினாடியில் பிடிக்க வேண்டும். பெரிய மேதைகளின் என்கோர் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பீஸ்கள் இங்கே பல நேரம் எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சரி, எதைப் பார்த்து எடுப்பது? புதிதாக ஒரு பீஸ் கையில் வந்தால் நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தை. எப்படி முடிகிறது? தவில்காரர் தீர்மானத்தை மூன்று முறை வைத்துச் சமத்தில் வந்து இறங்கும்போது நம் ஊரில் தலையாட்டாத ஆள் கிடையாது. தாளம் படிக்காதவருக்கும் முடிந்தது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். பியானோ பீஸிலும் அப்படி ஒரு முடிவு வேண்டும். இல்லையென்றால் பிள்ளை கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள், கூட்டம் இன்னும் வரும் என்று காத்திருக்கும், அப்புறம் முன்வரிசையில் அம்மா மட்டும் தட்டுவார்.

ரக்மானினாஃப் 1892இல், 19 வயதில் எழுதிய சி ஷார்ப் மைனர் பிரெலூடை (பிரெலூட் என்பது ஒரு சின்னத் தனி பீஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் விழுகிற மூன்று சுரங்கள் எந்தக் கூட்டத்தையும் திருப்பிவிடும். உச்சக் கட்டத்தில் கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பவை, இரண்டு வரிகளில் அடங்காமல் நான்கு வரிகளில் அச்சாகியிருக்கும். அந்தக் காலத்து ரசிகர்கள் போகிற இடமெல்லாம் இதையே கேட்டு அவரைச் சலிக்க வைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அது முடிவது மிக மெல்லிய கார்டுகளில், ஒவ்வொன்றாகத் தேய்ந்து. நல்ல அரங்கத்தில் அந்த இடம் அற்புதம். நம் விசேஷ வீட்டில் கடைசிக் கார்டு மறைவதற்குள் ஒருவர் மைக்கைப் பிடித்து, வாசலை மறித்து நிற்கிற வெள்ளை வண்டி யாருடையது என்று கேட்பார். அவருடைய ஜி மைனர் பிரெலூடும் (ஓபஸ் 23, எண் 5; ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) அப்படியே. படை நடை போடுகிற மாதிரி மிரட்டிவிட்டு, கடைசியில் சத்தமில்லாமல் நழுவிவிடும்.

ஷோபானின் ஃபாண்டசி-இம்ப்ராம்ப்டு பற்றித்தான் அதிகம் சண்டை. "மிஸ், யூடியூப்ல எல்லாரும் அதைத்தான் வாசிக்கிறாங்க." வாசிக்கட்டும். வலது கை நான்கும் இடது கை மூன்றுமாகப் பின்னிக்கொண்டு ஓடுகிற அந்தப் பகுதி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1834இல் எழுதி, அவர் இருக்கும்வரை அச்சுக்கே கொடுக்காமல் வைத்திருந்து, மறைந்த பிறகு 1855இல் வெளிவந்தது. அதன் நடுப்பகுதி நீளமான மெதுவான பாட்டு. கூட்டம் தன் பேச்சுக்குத் திரும்பிவிடுகிற இடம் அதுதான். முடிவும் மெல்லிய முடிவு. ஐந்து நிமிட மேடைக்கு நான் அதை விடுவதில்லை. வீட்டில் வாசித்துக்கொள்ளச் சொல்வேன்.

முடிவு கச்சிதமாக அமைந்த பீஸ்களும் நிறையவே இருக்கின்றன. ஷோபானின் 'புரட்சி' எட்யூட் (எட்யூட் என்பது விரல் பயிற்சிக்காக எழுதிய பீஸ்; ஓபஸ் 10, எண் 12), பெயர் அவர் வைத்தது இல்லை என்றாலும், எனக்குப் பிடித்த உதாரணம். முதல் கார்டு வெடிக்கிறது, இடது கை மேலிருந்து கீழே கொட்டுகிறது, இரண்டரை நிமிடத்தில் இரண்டு கையும் ஒன்றாக இறங்கி, கனமான கார்டுகளில் நிற்கிறது. அதில் இன்னொரு வசதி: இடது கைதான் வேலை முழுவதும் செய்கிறது என்பது பார்க்கிறவருக்குக் கண்ணாலேயே தெரியும். கெர்ஷ்வின் 1926இல் வாசித்துக் காட்டிய மூன்று பிரெலூடுகளில் முதலாவது ஒன்றரை நிமிடம்தான். தொடக்கத்தில் ஒரு சின்ன ஜாஸ் சொல், நடுவில் இரண்டு கையும் தாளத்தில் முட்டிக்கொள்கிற விளையாட்டு, கடைசியில் கீழிருந்து மேலே ஒரே ஓட்டம், ஒரே அடி. வாசிக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்திருப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள்.

கண்ணுக்குத் தெரிவது என்று சொன்னேன். இதை இசைக்குக் கீழான விஷயமாக நினைக்கிறவர்கள் உண்டு, நான் நினைப்பதில்லை. பியானோவில் உண்மையில் கடினமானவற்றில் பாதி வெளியே தெரியாது. ஒரே கையில் மேல் சுரத்தைப் பாட வைத்து உள் சுரங்களை அடக்கி வாசிப்பது மாதிரி ஒரு வேலை கிடையாது. ஆனால் அதற்கு யாரும் கைதட்டியதில்லை. கை ஒன்றின் மேல் ஒன்று தாவுவது, கட்டைகளின் மேல் நகத்தைச் சறுக்குவது, கைகள் மாறி மாறி உயரத் தூக்கி அடிப்பது, இவை பின்வரிசைக்கும் போய்ச் சேரும். அதிகம் தெரிவது வேண்டும், அதிகம் கஷ்டமானது வேண்டாம் என்பது என் கணக்கு. பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். எது கஷ்டமோ அதுதான் பெருமை.

அந்தக் கணக்கில் எனக்கு முதலில் நிற்பது மனுவேல் தே ஃபாயாவின் 'நெருப்புச் சடங்கு நடனம்'. 1915இல் அவர் எழுதிய நாட்டிய நாடகத்தில் ஒரு காட்சி. செத்துப்போன புருஷனின் ஆவி ஒரு பெண்ணை விடாமல் தொடர்கிறது. அதை விரட்ட நள்ளிரவில் நெருப்பு மூட்டி அவள் ஆடுகிறாள். இதை ஐரோப்பாவில் விளக்க வேண்டியிருக்கலாம். மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த ஊரில் ஒரு வரி போதும். பிள்ளை உட்காரும் முன் அந்தக் கதையை இரண்டு வாக்கியத்தில் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். சொன்னதும் பின்னால் பேசிக்கொண்டிருந்த ஆச்சிமார் திரும்புவார்கள். பியானோவில் அது ஒரு நடுக்கத்தோடு தொடங்கும்: இரண்டு சுரங்கள் மாறி மாறிச் சிலிர்த்துக்கொண்டே இருக்க, கீழே இடது கை அடி வைக்கும். பிறகு கைகள் மாறி மாறி விழுகிற கார்டுகள். ஆர்தர் ரூபின்ஸ்டைன் பல காலம் இதை என்கோராக வைத்திருந்தார். அந்த இடத்தில் கைகளை மாற்றி மாற்றித் தலைக்கு மேல் தூக்கி அடிப்பார். அப்படித் தூக்குவதற்கும் சத்தத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று பியானோக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே அதைச் செய்யாதே என்று நான் எந்தப் பிள்ளையையும் தடுத்ததில்லை. கடைசியில் ஒரே கார்டு திரும்பத் திரும்ப இடித்து நிற்கும். எந்த ஊர்க் கூட்டத்துக்கும் புரிகிற தீர்மானம். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எட்டாம் கிரேடு தாண்டிய கைக்கு எட்டாததும் இல்லை; அந்தச் சிலிர்ப்பில் மணிக்கட்டு இறுகாமல் இருந்தால் போதும்.

இனி இடத்தைப் பற்றி. செட்டிநாட்டில் இதை யோசிக்காமல் பீஸ் எடுத்தால் தொலைந்தோம். பழைய வீட்டின் முகப்பு ஹாலை நினைத்துப் பாருங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல்லோ இத்தாலி சலவைக்கல்லோ, சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, பர்மாத் தேக்குத் தூண்கள், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை. ஒலியை உறிஞ்சிக்கொள்ள எதுவும் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் கையைத் தட்டினால் சத்தம் ஹாலைச் சுற்றிவிட்டுத்தான் ஓயும். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஒன்றும் ஆகாது, அவை வெட்டவெளியிலும் கோயில் பிராகாரத்திலும் வளர்ந்தவை. பியானோவுக்கு ஆகும். ஷோபானின் ஓபஸ் 10, எண் 4 எட்யூடை அவர் குறித்திருக்கிற வேகத்தில் வாசித்தால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 12 சுரங்கள். முதல் சுரம் அடங்குவதற்குள் அடுத்த இருபது வந்து அதன்மேல் விழும். காதில் விழுவது ஒரே இரைச்சல். பிள்ளை மாதக்கணக்கில் உழைத்துத் துடைத்து வைத்த விரல்கள் அங்கே வீண்.

அறையின் எதிரொலி அதன் கொள்ளளவையும் உள்ளே உறிஞ்சுகிற பொருட்களையும் பொறுத்தது என்பதை அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபீன் 1890களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். நம் நடைமுறைக்கு அதன் பொருள்: ஆள் உட்கார்ந்தால் எதிரொலி குறையும். ஜமுக்காளம் விரித்தால் கொஞ்சம் குறையும். காலையில் காலி ஹாலில் ஒத்திகை பார்த்துப் பயந்த பிள்ளை சாயங்காலம் கூட்டத்தில் வாசிக்கும்போது அவ்வளவு மோசம் இருக்காது. ஆனாலும் அந்த ஹாலுக்கு நான் எடுப்பது இடைவெளி உள்ள பீஸ்களை. அடித்து நிறுத்துகிற கார்டுகள், நடுவில் மூச்சு விடுகிற ஓய்வுகள், பெடல் இல்லாமலே நிற்கிற தாளம். ஃபாயாவும் கெர்ஷ்வினும் அங்கே பிழைப்பார்கள். வளவில், நடுமுற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் போட்டால் கதை வேறு. மேலே வானம் திறந்திருப்பதால் ஒலியில் ஒரு பங்கு அப்படியே போய்விடும், அங்கே வேகமான எட்யூடும் தெளிவாகக் கேட்கும். எங்கே போடப் போகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பந்தலுக்குப் பாட்டரி விளக்கு எங்கே வைப்பது என்பது வரைக்கும் திட்டம் போட்டிருப்பவர்கள் பியானோவுக்கு இடம் யோசித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் வாத்தியம். இது சிக்கலான பகுதி, ஏனென்றால் என்ன கிடைக்கும் என்று கடைசிவரை தெரியாது. சில பெரிய வீடுகளில் பர்மா, மலேயா காலத்தில் கப்பலில் வந்த பழைய அப்ரைட் பியானோ இருக்கும். மேலே குடும்பப் போட்டோக்கள் வரிசையாக நிற்கும். சுருதி அரைக் கட்டை இறங்கியிருக்கும், ஐப்பசி மழையில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்காது. நன்றாகப் பராமரித்த அப்ரைட்டிலேயே ஒரு குறை உண்டு. கிராண்ட் பியானோவில், செபாஸ்தியன் எரார் 1821இல் காப்புரிமை பெற்ற பொறியமைப்பு இருப்பதால், கட்டை பாதி எழும்பியதுமே மறுபடி அடிக்கலாம். அப்ரைட்டில் கட்டை கிட்டத்தட்ட முழுவதும் மேலே வந்தாக வேண்டும். அதனால் ஒரே சுரத்தை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிற பீஸ்களை அதில் எடுக்கக் கூடாது. ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டா (கே. 141) முழுக்க அந்த வித்தைதான், ப்ரோகோஃபியேவ் 1912இல் எழுதிய டொக்காட்டாவும் ஒரே சுரத்தைத் தட்டித்தான் தொடங்கும். சென்னையில் நல்ல கிராண்டில் இரண்டும் கண்ணைப் பறிக்கும். இங்கே பாதிச் சுரம் விழாது, பார்க்கிறவர்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பார்கள்.

பெரும்பாலும் நாமே டிஜிட்டல் பியானோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். 88 கட்டை, கனமான டச், சரி. அதை மைக்செட்காரரின் மிக்ஸரில் செருகியதும் அவர் செய்கிற முதல் காரியம் எக்கோவைத் திருகுவது. ஏற்கெனவே எதிரொலிக்கிற ஹாலில் எக்கோ வேறு! "அண்ணே, எக்கோ வேண்டாம்ணே" என்று சொல்லி, அவர் போனதும் மறுபடி போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய மாடல் என்றால் இன்னொன்று: ஒரே நேரத்தில் இத்தனை சுரங்கள்தான் ஒலிக்கும் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு, சிலவற்றில் 64. பெடலை அழுத்திப் பிடித்து ரக்மானினாஃபின் பெரிய கார்டுகளை அடுக்கினால் அடியில் ஒலித்துக்கொண்டிருந்த சுரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறையும். பள்ளிகளில் இருக்கிற 61 கட்டைக் கீபோர்டைத்தான் தருவோம் என்றால் நான் இந்த வகை பீஸ்களையே எடுக்க மாட்டேன். லிஸ்டின் 'லா காம்பனெல்லா'வில் மணியடிக்கிற சுரங்கள் எல்லாம் மேல்கோடியில் இருக்கின்றன. அங்கே அந்தக் கோடியே இல்லை.

கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிற தொனியில் நான் எழுதிக்கொண்டு போவதாகத் தோன்றினால், அப்படி இல்லை. வீணையில் தானம் என்கிற ராக விரிவை வாசித்தால் அது காரைக்குடி பாணிதான் என்று ஒரு தலைமுறை சொல்லிக்கொண்டிருந்த சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் ஊர் இது. காது உள்ள பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கானாடுகாத்தானில் ஒரு சதாபிஷேகத்தில் என் மாணவி ஷோபானின் 'கறுப்புக் கட்டை' எட்யூடை (ஓபஸ் 10, எண் 5) வாசித்தாள். ஒன்றே முக்கால் நிமிடம். முடிந்ததும் சாய்வு நாற்காலியில் இருந்த ஐயா ஒருவர் அவளைக் கூப்பிட்டார். "ஏத்தா, வலக்கையில மோகனம்ல ஓடுச்சு? எடக்கைதான் வேற என்னமோ பண்ணுது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஐந்து கறுப்புக் கட்டைகளை அந்த எட்யூடின் ஆதார சுருதியிலிருந்து அடுக்கினால் ச ரி க ப த, மோகனமேதான். ஷோபான் வலது கையைக் கறுப்புக் கட்டைகளை விட்டு இறங்கவே விடவில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த ஒரு வெள்ளைக் கட்டை மோகனத்தில் இல்லாத காகலி நிஷாதம். இடது கை கீழே ஐரோப்பிய கார்டுகளை மாற்றிக்கொண்டே இருப்பதால் ராகமாக நிலைக்காது, ஆனால் வலது கையின் ஓட்டம் நம் காதுக்கு வீட்டு ஆள் மாதிரி. இந்தப் பக்கத்து மேடைக்கு அது எடுபடுவதற்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பீஸ் தேடும்போது நான் இதையும் பார்க்கிறேன்: நம் காது பிடித்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

அர்ஜென்டினாக்காரரான ஜினாஸ்தேரா 1937இல், 21 வயதில் எழுதிய மூன்று நடனங்கள் அப்படித்தான் என் பட்டியலுக்குள் வந்தன. முதல் நடனத்தில் இடது கை முழுக்கக் கறுப்புக் கட்டை, வலது கை முழுக்க வெள்ளைக் கட்டை. இரண்டும் வேறு வேறு ஊரில் இருக்கிற மாதிரி ஒன்றோடொன்று உரசும். ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றாவதுதான் வெடி. அந்த நாட்டு மாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சக் காலை உதைத்து ஆடுகிற ஆட்டத்தின் தாளம் அது, ஆறு அடி. ஆறை மூன்று மூன்றாகவும் இரண்டு இரண்டாகவும் மாற்றி மாற்றிப் பிரிப்பார். கும்மி தட்டிப் பழகிய ஊரில், தவில்காரர் திச்ரத்தில் புகுந்து விளையாடுவதைக் கேட்ட ஊரில் இதற்கு முன்னுரை தேவையில்லை. பின்வரிசையில் கால் தானாக ஆடும். அடிமட்டத்தில் முணுமுணுவென்று தொடங்கி, மூன்று நிமிடத்தில் கட்டைகள் மீது ஒரு பெரிய சறுக்கலோடு முடியும். சுருதி பேதமாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், பரவாயில்லை. ஒரு விஷயம்: ஜினாஸ்தேரா 1983இல்தான் மறைந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு, ஆகவே நோட்ஸைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஷோபான், லிஸ்ட், ஸ்க்ரியாபின் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்க்ரியாபின் என்றதும் கை நினைவுக்கு வருகிறது. அவருடைய டி ஷார்ப் மைனர் எட்யூடை (ஓபஸ் 8, எண் 12) கேட்டுவிட்டு வந்து இதுதான் வேண்டும் என்று நிற்காத பிள்ளை இல்லை. இரண்டரை நிமிடம், கடைசிவரை ஏறிக்கொண்டே போகும். ஆனால் வலது கைக்கு ஓயாத ஆக்டேவ் (ஒரே சுரத்தைக் கீழும் மேலுமாகச் சேர்த்து அடிப்பது), இடது கைக்கு அகலமான தாவல்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணின் சின்னக் கைக்கு அதைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் முன்கை வலிக்கிறது என்று வந்து நிற்பாள். ஸ்க்ரியாபினே மாணவராக இருந்தபோது, லிஸ்டின் 'டான் ஹுவான்', பாலகிரேவின் 'இஸ்லமே' இரண்டையும் வெறியோடு சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். இடது கைக்கு மட்டும் என்றே பிறகு பீஸ் எழுதினார். சின்னக் கைக்குக் கறுப்புக் கட்டை எட்யூட் எவ்வளவோ மேல். கெர்ஷ்வினும் சமாளிக்கலாம்.

வேகமும் கையைச் சேர்ந்ததுதான். மேடையில் நெஞ்சு படபடக்க வேகம் தானாக ஏறும், அல்லது பயந்து இறங்கும். வேகம் இறங்கினாலும் பீஸ் பீஸாக நிற்குமா என்று பார்க்க வேண்டும். ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கிற பீஸை ரக்மானினாஃப் பியானோவுக்கு மாற்றி எழுதியிருக்கிறார், ஒன்றேகால் நிமிடம். முழு வேகத்தில் வண்டேதான். அதில் பத்தில் இரண்டு பங்கு குறைத்தால் ஸ்கேல் சாதகம். ஓபஸ் 10, எண் 4ம் அப்படித்தான் செத்துப்போகும். ஃபாயாவைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் இன்னும் பயமுறுத்துகிற மாதிரி ஆகுமே தவிரக் கெடாது. ஒரு பீஸை மேடைக்கு முடிவு செய்யும் முன், தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, விரல் சூடாகாமல், ஒரே முறை வாசிக்கச் சொல்கிறேன். அப்போது எந்த வேகம் வருகிறதோ அதுதான் மேடை வேகம். அந்த வேகத்தில் நன்றாக இல்லையென்றால் பீஸை மாற்று.

லா காம்பனெல்லா கேட்டு அந்தக் கானாடுகாத்தான் பெண் இன்னும் என்னைத் துளைத்துக்கொண்டிருக்கிறாள். பாகனினியின் வயலின் கச்சேரி இசையிலிருந்து லிஸ்ட் எடுத்து, 1851இல் இறுதி வடிவம் கொடுத்தது. வலது கை இரண்டு ஆக்டேவ் தாவித் தாவி மணியடிக்கும். முடிவும் இடி மாதிரி. என் அளவுகோல் எல்லாவற்றிலும் தேறும், கையைத் தவிர, வாத்தியத்தைத் தவிர. ஒரு தாவல் தவறினாலும் எல்லோருக்கும் கேட்கும் என்பதுதான் அதன் ஆபத்து. கார்டு அடிக்கிற பீஸில் உள்ளே ஒரு சுரம் தப்பினால் யாருக்கும் தெரியாது. மணி தப்பினால் தெரியும். கற்றுக்கொள், டிப்ளமாவுக்கு வைத்துக்கொள்ளலாம், விசேஷ வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எதை வாசித்தாலும் கடைசியில் "ஒரு சினிமாப் பாட்டு வாசியேன்த்தா" என்று ஒரு ஆச்சி கேட்பார். சில ஆசிரியர்கள் இதற்குக் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு பழைய பாட்டைத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். வரிசை மட்டும் முக்கியம். முதலில் ஃபாயா, அப்புறம் பாட்டு. பாட்டை முதலில் வாசித்தால் கூட்டம் கூடவே பாடத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு நெருப்பு மூட்ட முடியாது.

பியானோவைத் திருப்பிப் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தல்காரர்கள் அதைச் சுவரோரமாகத் தள்ளி, பிள்ளையின் முதுகு கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி வைத்துவிடுவார்கள். கை தெரிகிற பீஸை எடுத்துவிட்டுக் கையை மறைத்தால் எப்படி? வலது பக்கத்திலிருந்து கூட்டம் பார்க்கிற மாதிரி திருப்பச் சொல்லுங்கள். உட்கார அவர்கள் தருவது பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கை கட்டைக்குக் கீழே போய்விடும், வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் பெடலை மிதிக்க மிதிக்க நாற்காலி பின்னால் நகரும், பெடலும் முன்னால் நகரும். பெஞ்சை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், பெடலுக்கு அடியில் போட ஒரு ரப்பர் மிதியடியும்.